இடித்த வீட்டின் கற்கள்

வலிகாமம் வடக்கில் இன்று வீடு கட்டப் புறப்படுகின்றவர் பெரும்பாலும் வெறும் நிலத்தில் தொடங்குவதில்லை. முதலில் அவர் ஒரு வீட்டை அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. கூரை போய், கதவு யன்னல் போய், சுவரில் பாதி போய், எஞ்சிய பாதியை ஆலும் அரசும் வேர்விட்டுப் பிளந்து நிற்கும் வீடு அது. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் அவர் விட்டு வெளியேறிய வீடு. உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, திரும்பிச் சென்ற பலருக்குக் கிடைத்தது வீடு அன்று. கல்லும் மண்ணும் பற்றைக்காடுமே. காணி விடுவிப்புக்குப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாக இடம் கிடைத்தது. அக்காணிகளிற் குவிந்து கிடந்த கல்லுக்கு எவரும் இடம் கொடுக்கவில்லை. நான் இங்கு எழுதப்போவது அந்தக் கல்லைப் பற்றித்தான்.

எங்கள் வீட்டை எனது பாட்டனார் 1938இல் கட்டினார். அவர் பாடசாலை ஆசிரியர். பெரிய நாற்சார் வீடெல்லாம் கட்டும் வசதி அவருக்கு இருந்ததில்லை. முன்னால் ஒரு விறாந்தை, நடுவே ஒரு மண்டபம், இருபுறமும் இரண்டு அறைகள், அவ்வளவுதான். சுவர் முழுவதும் எங்கள் ஊர் நிலத்திலேயே வெட்டியெடுத்த வெள்ளைக் கல், சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டப்பட்டது. 1983இல் எனது தந்தையார் பின்புறத்தில் ஒரு சமையலறையையும் குளியலறையையும் சேர்த்துக் கட்டினார். அவை சீமெந்துக் கல்லாலானவை; குளியலறைக்கு மேலே கொங்கிறீற் தட்டு, சமையலறைக்கு அஸ்பெஸ்ரஸ் தகடு. ஆக, ஒரே வளவில் இரண்டு காலத்துக் கட்டடக்கலை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது இரண்டையும் இடித்தபோதுதான் வெளிப்பட்டது.

காணி எங்களுக்கு மீண்டது 2018இல். உடனே கட்ட முடியவில்லை. கொவிட் வந்தது, அதன்பின் 2022இன் நெருக்கடி வந்தது. அந்த நெருக்கடிக்கு முன் ஆயிரம் ரூபாயளவில் விற்ற ஒரு பை சீமெந்து மூவாயிரம் ரூபாயளவுக்கு ஏறிய காலம் அது. கடந்த ஆண்டுதான் நானும், ஜேர்மனியில் பெர்லின் நகரில் வாழும் எனது தம்பியும் சேர்ந்து, இரண்டு அறைகளோடு ஒரு சிறு வீடு கட்டுவதென்று தீர்மானித்தோம். பணத்தின் பெரும்பகுதி தம்பியினுடையது. இதை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு.

ஒப்பந்தகாரர் வந்து பார்த்தார். அவர் தந்த மதிப்பீட்டின் முதல் வரியே ‘இடிபாடு அகற்றல்’ என்பதுதான். அதற்கெதிரே இருந்த தொகையைப் பார்த்து நான் புருவத்தை உயர்த்தியதைக் கண்டு, மலிவான வழியொன்றையும் அவரே சொன்னார். “ஐயா, பின்னாலை அந்தப் பழைய கிணறு சும்மாதானே கிடக்குது. எல்லாத்தையும் அதுக்கை தள்ளிவிட்டால் லொறிக் காசு மிச்சம். உங்களுக்கு நான் குழாய்க்கிணறு ஒண்டு அடிச்சுத் தாறன்.”

அன்றிரவு தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்கு இந்த யோசனை பிடித்துவிட்டது. “நல்ல விசயம்தானே அண்ணை. உந்தக் கல்லையும் மண்ணையும் வைச்சு என்ன செய்யப் போறம்? துப்புரவா எடுத்துப்போட்டுப் புதுசாக் கட்டுவம்” என்றார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை என்பது பள்ளிக்கூடப் புவியியற் புத்தகத்தில் நாம் படித்ததே. வழுக்கியாறு என்று நாம் பெருமையோடு சொல்வதும் மழைக்கால ஓடைதான். நாம் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் நிலத்துக்கடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தங்கி நிற்கும் மழைநீரே. அந்த நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்துகொண்டிருக்கிறது. மணல் நிலத்தைப் போல நீரை வடிகட்டும் தன்மை சுண்ணக்கல் வெடிப்புக்குக் கிடையாது. ஒரு கிணற்றில் விழுந்தது அயற்கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக காலம் எடுப்பதில்லை. சுன்னாகத்திலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்ததும், அதையொட்டி எழுந்த போராட்டங்களும் வழக்குகளும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கிணறு என்பது ஒருவரது வளவுக்குள் இருந்தாலும் ஊரின் நீருக்குத் திறந்துவிட்ட ஒரு வாசல். அதற்குள் பழைய வர்ணப்பூச்சையும் கரிபிடித்த சமையலறைச் சுவரையும் உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகட்டையும் கொட்டி மூடிவிட்டு, பத்தடி தள்ளிக் குழாய்க்கிணறு அடித்து அதே நீரைக் குடிப்பது என்ன புத்திசாலித்தனம் என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, கிணற்றில் போடாமல் லொறியில் ஏற்றி அனுப்பினால்? அது எங்கே போகிறது என்று விசாரித்தேன். பள்ளக்காணிக்குப் போகிறது, தூர்ந்துபோன கேணிக்குப் போகிறது, மாரியில் வெள்ளம் வடியும் வாய்க்கால் ஓரத்துக்குப் போகிறது. மழைநீர் நிலத்துக்குள் இறங்கும் வழிகள் இவைதான். ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றை அடைப்பதாகவே அது முடியும். அதே லொறி திரும்பி வரும்போது வன்னியிலிருந்து கிறவலையும், வடமராட்சி கிழக்கிலிருந்து மணலையும் கொண்டுவருகிறது. எங்கள் வளவிலிருந்து கல்லை வெளியே எறிந்துவிட்டு, வேறோர் ஊரில் குழி தோண்டிக் கல் வாங்குகிறோம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கி 1990இல் நின்றுபோகும்வரை கல் அகழ்ந்த பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு, இக்குடாநாட்டின் கல் எங்கிருந்து வருகிறது, அது எடுக்கப்பட்ட இடத்தில் எது எஞ்சுகிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கல் வளவுக்குள்ளேயே நிற்கட்டும் என்று சொன்னேன். ஒப்பந்தகாரர் விலகிக்கொண்டார். தம்பி இரண்டு கிழமை என்னோடு சரியாகப் பேசவில்லை.

பிறகு கிடைத்தவர் எழுபதை அண்மித்த ஒரு மேசன். இளவயதில் தனது தகப்பனாரோடு சுண்ணாம்புச் சாந்தில் வேலை செய்தவர். வந்ததும் வராததுமாக, வேறெதுவும் பேசாமல், முன் விறாந்தைச் சுவரின் மூலையில் அலவாங்கைச் செலுத்தி மெல்ல நெம்பினார். கல் அசைந்தது. இன்னுமொரு நெம்பு. கல் முழுதாக வெளியே வந்தது. அதில் ஒட்டியிருந்த சாந்தைக் கொத்துக்கரண்டியின் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார், மாவாகக் கொட்டுண்டது. “தம்பி, இது இன்னும் நூறு வரியம் நிக்கும்” என்றார். பின்னர் சமையலறைப் பக்கம் போய் அதே அலவாங்கால் ஒரு குத்து விட்டார். அங்கே அலவாங்குதான் திரும்பி வந்தது. சம்மட்டியால் அடித்தபோது சுவர் துண்டு துண்டாகச் சிதறியது. ஆனால் ஒரு சீமெந்துக் கல்லாவது முழுதாக வரவில்லை. கல் உடைந்த இடத்தில் சாந்து அப்படியே நின்றது.

இதன் காரணம் எளிமையானது. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சி மெதுவாக இறுகுவது. எவ்வளவு இறுகினாலும் அது பிணைக்கின்ற கல்லைவிட மெதுமையானது. சுவரில் அசைவு ஏற்பட்டால் சாந்து வெடிக்கும், கல் தப்பும். சீமெந்துச் சாந்து அப்படியன்று. அது நீரோடு சேர்ந்து இறுகி, பல வேளைகளில் தான் பிணைக்கும் கல்லைவிடவும் வலிமை பெற்றுவிடுகிறது. எனவே சுவரைப் பிரிக்க முயன்றால் முதலில் போவது கல்தான். எனது பாட்டனார் கட்டிய சுவரை 85 ஆண்டுகளுக்குப் பின்னரும் கல் கல்லாகக் கழற்ற முடிந்தது. எனது தந்தையார் கட்டிய சுவர் ஏழு ஆண்டுகளே எங்களால் பயன்படுத்தப்பட்டது. அதை உடைக்கத்தான் முடிந்தது. நாம் வலிமை என்று எதை மெச்சுகிறோம் என்பதுபற்றி எனக்கு அன்று முதல் ஐயம் உண்டு.

அலவாங்கு போடுவதற்கு முன் ஒரு வார்த்தை. வலிகாமம் வடக்கில் ஹலோ ட்ரஸ்ற் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் வெடிபொருள் அகற்றிய பின்னரே காணிகள் கைமாறின என்பது உண்மை. ஆனாலும் இடிந்த சுவருக்கடியிற் கிடப்பது எவருக்கும் முழுதாகத் தெரியாது. எங்கள் வேலையின் மூன்றாம் நாள், கற்குவியலுக்குள்ளிருந்து துருப்பிடித்த இரும்பு உருளை ஒன்று தலைகாட்டியது. மேசன் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். அதைத் தொடாமல் றோட்டுக்கு வந்து பொலிசாருக்கு அறிவித்தோம். இரண்டு நாட்களின் பின் உரியவர்கள் வந்து எடுத்துச் சென்றனர். அது என்னவென்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சுவர்க்கற்களிலும் உலோகச் சிதறல்கள் புதைந்திருந்தன. அவற்றை மேசன் உளியால் தோண்டியெடுத்து ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் போட்டுக்கொண்டே வந்தார். பேணி நிறைந்துவிட்டது.

கற்களைத் தரம் பிரிப்பதில் ஆறு கிழமை போயிற்று. முழுக் கற்கள் கிணற்றடிக்கு அருகே அடுக்கப்பட்டன. அவை புதிய வீட்டின் அத்திவாரத்துக்கும் கிணற்றுக் கட்டுக்கும் போதியதாக இருந்தன. மிஞ்சியவை மதிலுக்கு ஒதுக்கப்பட்டன. அரைக் கல்லும் சிறு கல்லும் உடைந்த ஓடும் ஒரு குவியல். இவற்றின் பெறுமதியை நான் முதலில் உணரவில்லை, மேசன்தான் காட்டினார். புதிய வீட்டின் நிலமட்டத்தை இரண்டரை அடி உயர்த்த வேண்டியிருந்தது. அதை நிரப்ப எல்லோரும் கிறவல் வாங்குவார்கள், டிப்பர் டிப்பராக. நாங்கள் அந்தக் குவியலைக் கொட்டி, அரையடிக்கு ஒரு படையாகப் பரப்பி, நீர் தெளித்து, இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த படையைப் போட்டோம். ஒரே நாளில் இரண்டடியைக் கொட்டி மேலால் மிதித்துவிட்டால் பின்னர் நிலம் தாழ்ந்து சீமெந்துப் பூச்சு வெடிக்கும். இன்னொன்று, குவியலில் மரத்துண்டு, வேர், கிடுகு, கடதாசி எதுவும் இருக்கக்கூடாது. மரம் உக்கினால் நிலம் இருக்கும். அதற்கு முன்னரே கறையான் குடியேறிவிடும். கறையானைப் பற்றி யாழ்ப்பாணத்தவருக்கு நான் உபதேசம் செய்வது அழகல்ல.

சமையலறையின் கொங்கிறீற் உடைசலை மீண்டும் சல்லியாக்கிக் கொங்கிறீற் போடலாமே என்று ஒரு பொறியியலாளர் நண்பரிடம் கேட்டேன். போடலாம், ஆனால் தூணுக்கும் வளைக்கும் தட்டுக்கும் வேண்டாம் என்றார். பழைய சாந்து ஒட்டிய சல்லி, கருங்கற் சல்லியைவிட அதிகம் நீர் குடிக்கும்; கலவையின் நீரளவு தவறும்; பரிசோதனைச்சாலையில் சோதிக்காமல் பாரம் தாங்கும் இடத்தில் நம்பக்கூடாது. அத்திவாரத்துக்கடியில் போடும் மெலிந்த கலவைக்கும், முற்றத்து நடைபாதைக்கும் அது தாராளமாகப் போதும். அவ்வாறே செய்தோம். வளைந்த பழைய கம்பிகளை நிமிர்த்திப் பயன்படுத்தலாமா என்று கேட்கவே அவர் விடவில்லை. அவற்றைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தோம்.

சலித்தெடுத்த சுண்ணாம்புத் தூளை மரங்களுக்குப் போடச் சொல்லி அயலவர் ஒருவர் ஆலோசனை கூறினார். செய்யவில்லை. சுண்ணக்கல்லின்மேல் கிடக்கும் எங்கள் செம்மண்ணுக்கு மேலும் சுண்ணாம்பு எதற்கு? அது நடைபாதைக்கடியில் போயிற்று.

இடித்த கட்டடத்தின் கல்லை மற்றொன்றுக்கு எடுப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. அது எப்போதும் நல்ல நோக்கத்தோடு நடந்ததுமன்று. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்து, அதன் கற்களை யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கொண்டுசென்றனர் என்பர். திருகோணமலையில் கோணேசர் கோயிலின் கற்களுக்கு நேர்ந்ததைக் கண்ணாலேயே காணலாம். கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னமும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் பதிந்த கற்கள் இன்றும் சுவரோடு சுவராக இருக்கின்றன. கட்டியவனுக்கு அவை வெறும் கல். வாசிக்கத் தெரிந்தவனுக்கு அப்படியல்ல. அருகிலே வாழ்ந்தவர்களின் சம்மதத்தோடும் கையாலும் நடைபெறும்போதுதான் இதை மீள்பயன்பாடு என்று அழைக்கலாம். மற்றையதற்கு வேறு பெயர் உண்டு. காணிக்குத் திரும்பியவர்களுள் எத்தனையோ பேர், தமது வீட்டுக் கல் தமது வளவில் இல்லை, வேறெங்கோ சுவராகிவிட்டது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் கல் எங்களுக்கு மிஞ்சியது ஒருவகை அதிர்ஷ்டம்.

பெர்லினுக்கு வருகிறேன். தம்பி தனது பிள்ளைகளோடு விடுமுறை நாளில் ஏறி நடக்கும் குன்று ஒன்றின் படங்களை முன்பொருமுறை எனக்கு அனுப்பியிருந்தார். ரொய்பெல்ஸ்பேர்க் என்பது அதன் பெயர்; ஏறத்தாழ 120 மீற்றர் உயரம். பச்சைப் பசேலென்ற அந்தக் குன்று இயற்கையானதன்று. இரண்டாம் உலகப் போரில் நொறுங்கிய பெர்லின் வீடுகளின் இடிபாட்டைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு அது. கொட்டுவதற்கு முன், அந்நாட்டுப் பெண்கள் இடிபாடுகளுக்கு நடுவே வரிசையில் நின்று, ஒவ்வொரு செங்கல்லாகச் சாந்து தட்டி எடுத்து அடுக்கினர். அக்கற்களால் மீண்டும் வீடுகள் எழுந்தன. செங்கல் உடைசலைக் கொங்கிறீற்றுக்குப் பயன்படுத்துவது எவ்வாறு என்று 1951இல் ஜேர்மனி ஒரு நியமமே வகுத்தது. எங்கள் வளவுக் கற்களை எறியச் சொன்னவர் அந்த மேட்டில்தான் பிள்ளைகளுக்குப் பட்டம் விடக் காட்டிக்கொடுக்கிறார். இதை நான் எழுதி அனுப்பியபோது ஒரு நாள் பதில் வரவில்லை. மறுநாள், “பிள்ளையளுக்கும் சொன்னன் அண்ணை. கல்லு எவ்வளவு கிடக்குது எண்டு ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ” என்று வந்தது.

செலவுக் கணக்கை மறைக்க விரும்பவில்லை. கல்லைத் துப்புரவு செய்த கூலி, புதிய சீமெந்துக் கல் வாங்கும் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே வந்தது. கூலி உயர்ந்துவிட்ட காலத்தில் கைவேலையால் பணம் மிஞ்சும் என்று எவரும் எதிர்பார்க்க வேண்டாம். மெய்யான சேமிப்பு கிறவலிலும், இடிபாட்டை அகற்றும் செலவிலும்தான். ஆனால் சொந்தக் கையால் வேலை செய்யக்கூடிய குடும்பங்களுக்குக் கணக்கு வேறு. இந்திய வீடமைப்புத் திட்டத்தின்கீழ் ஒரு புதிய வீட்டுக்கு 550,000 ரூபா வழங்கப்பட்ட காலத்தில், அந்தப் பணம் கூரைவரை எட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய கல்லைத் தாங்களே தட்டி அத்திவாரம் போட்டவர்கள் அவர்களுள் இருந்தனர். நான் பணம் கொடுத்துச் செய்வித்ததை அவர்கள் இரவில் விளக்கு வைத்துச் செய்தார்கள்.

மதில் கட்டும் கட்டத்தில் மேசனோடு ஒரு சிறு தர்க்கம் ஏற்பட்டது. தனிச் சீமெந்துச் சாந்து வேண்டாம், 1 பங்கு சீமெந்து, 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்று கலந்து வையுங்கள் என்றேன். அவருக்கு அந்தக் கலவை தெரியாததன்று. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஏன் தம்பி, திருப்பி இடிக்கிறதுக்கோ கட்டிறம்?”

“ஓம் அண்ணை, ஆரும் இடிக்கவேண்டி வந்தால் கல்லாவது மிஞ்சட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. “உங்கடை காசு” என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பைச் சலிக்கத் தொடங்கினார்.

வீடு முடிந்து குடிபுகுந்துவிட்டோம். கிணறு இறைத்துத் துப்புரவாக்கப்பட்டு, பாட்டனாரின் கல்லாலேயே கட்டு எழுப்பப்பட்டிருக்கிறது. நீர் சற்று உவர்ப்பு, ஆயினும் குளிக்கத் தோதானது. அஸ்பெஸ்ரஸ் தகடுகளுக்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை. உடைக்காமல், நீர் தெளித்து ஈரமாக்கி, முகத்தைத் தகுந்த கவசத்தால் மூடிக்கொண்டு இறக்கி, இரட்டைப் பொலித்தீனில் சுற்றி வளவின் வடகிழக்கு மூலையில் வைத்திருக்கிறோம். அவற்றைப் பொறுப்பேற்கும் இடம் எது என்று கேட்டு நான் ஏறிய அலுவலகங்கள் மூன்று. நான்காவதுக்கு அடுத்த கிழமை போகவேண்டும்.

சிறு கல்லும் உடைந்த ஓடுமாக இரண்டு உழவு இயந்திரப் பெட்டி அளவு மிஞ்சிக் கிடக்கிறது. பின்வளவுக்காரப் பெண்மணி நேற்று வந்து, தனது வீட்டுக் குசினி நிலத்துக்கு அதைத் தரமுடியுமா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை பெட்டி வருகிறது.